ஃபியட்டுக்குள் மூன்று கிண்ணம் தேயிலை

கெஸியாவின் மூக்கைப் பற்றிக் குன்னூரில் கதை கதையாகச் சொல்வார்கள். பாதி உண்மை, மீதி அவள் வீட்டுக்காரர் பிராங்ளின் கிளப்பிவிட்டது. ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டே, கடைசி வரிசைக்காரர் வீட்டில் காலையில் கருவாடு வறுத்ததைச் சொல்லிவிடுவாளாம். இது பிராங்ளின் சரக்கு. ஆனால் ஒரு கைப்பிடித் தேயிலையை எடுத்து, வாயால் ஊதி, அந்த ஈர மூச்சோடு சேர்த்து முகர்ந்து, "இத மூட்ட கட்டுனப்ப பக்கத்துல ஏலக்கா இருந்திருக்குதுங்க" என்று அவள் ஒரு தடவை சொன்னதும், விசாரித்தபோது அது அப்படியே சரியாக இருந்ததும் பலர் நேரில் பார்த்த விஷயம்.

அவளுக்கு வேலை குன்னூரில் ஒரு டீ புரோக்கர் ஆபீசில். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு ஃபேக்டரியின் தேயிலையையும் குடித்துப் பார்த்து, குணம் எழுதி, மதிப்புப் போடுகிற டேஸ்டர் அவள். குடித்து என்று சொன்னது தப்பு. நீள மேஜையில் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். கரண்டியால் மொண்டு, ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சி, நாக்கிலும் மூக்கின் உட்புறத்திலும் ஒரு சுற்று சுற்றவிட்டு, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். கல்யாணமான புதிதில் ஆபீசுக்கு வந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட மாமியார், பி.எஸ்சி. படித்த மருமகள் இப்படியா டீ குடிப்பாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த வேலைக்கு விரதம் மாதிரி சில கட்டுப்பாடுகள் உண்டு. பவுடர் கூடாது, சென்ட் கூடாது, தலையில் மல்லிகை கூடாது. டேஸ்டிங் நாளில் பூண்டும் பச்சை வெங்காயமும் கூடாது. சாம்பிள் அறைக்குள் புதுச் செருப்பு போட்டு வந்தால்கூடச் சில்வஸ்டர் சார் வெளியே விடச் சொல்வார். அவர்தான் தலைமை டேஸ்டர். கறாரான மனுஷர், ஆனால் கெட்டவர் இல்லை. தேயிலை எந்த வாசனையையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், டேஸ்டரின் மூக்கும் அப்படித்தான், ரெண்டையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். கெஸியா அதை ஒரு நாள்கூட மீறியதில்லை.

அப்படிப்பட்டவள்தான் கார்த்திகைக் கடைசியில் கோட்டை விட்டாள்.

கோத்தகிரிப் பக்கம் மருதாசலம் என்று ஒருவர் சின்ன ஃபேக்டரி நடத்துகிறார். அவருடைய தேயிலையை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நல்ல நிறம், சுத்தமான லிக்கர்" என்று கெஸியா எழுதினாள். டேஸ்டர் பாஷையில் லிக்கர் என்றால் தேயிலைச் சாறு, வேறொன்றும் இல்லை. வாங்கியவர் மூட்டையைப் பிரித்த கையோடு போனில் கத்தினார். ஒரே எண்ணெய்ப் புகை வாடையாம். சில்வஸ்டர் சார் அதே சாம்பிளை மறுபடி போடச் சொன்னார். ஒரு வாய் உறிஞ்சியவர், தொட்டி எங்கே என்று தேடக்கூட முடியாமல் துப்பினார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏலப் பட்டியலான கேட்டலாக் அடிக்கும் உஷாவுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். டேஸ்டிங்குக்கும் உஷாவுக்கும் சம்பந்தமே கிடையாது. அவளும் "அய்யே!" என்றாள்.

விசாரித்ததில் மருதாசலமே ஒத்துக்கொண்டார். கரண்ட் போன நேரத்தில் ஓடிய பழைய ஜெனரேட்டரின் எண்ணெய்ப் புகையை, தேயிலை உலர்த்துகிற டிரையர் வெளிக்காற்றோடு சேர்த்து உள்ளே இழுத்திருக்கிறது. அவர் பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கெஸியா மறுபடி உறிஞ்சினாள். அதற்கப்புறமும் ஒரு தடவை உறிஞ்சினாள். அவளுக்கு அது நல்ல டீயாகத்தான் இருந்தது.

"நாக்குக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடும்மா," என்றார் சில்வஸ்டர் சார். "கொஞ்ச நாளைக்கு உஷாகூட கேட்டலாக் வேலையப் பாரு."

இதற்கு என்ன அர்த்தம் என்று டீ வியாபாரத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இதற்கு முன் அப்படி ரெஸ்ட் கொடுக்கப்பட்டவர் பழனிச்சாமி. அவர் இப்போது லாரி புக்கிங் பார்க்கிறார். மேஜைப் பக்கம் திரும்பி வந்ததே இல்லை. கெஸியாவின் கரண்டியை சார் கழுவித் துடைத்துத் தன் டிராயருக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று முழுக்க அழுதாள். பிராங்ளின் ஆறுதல் சொன்னார், ஆயர் வீட்டுக்கே வந்து ஜெபித்தார், டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பற்பசையை மாற்றினாள், மீனை விட்டாள், தலைக்கு எண்ணெய் வைப்பதையே நிறுத்திப் பரட்டைத் தலையோடு திரிந்தாள். எதுவும் பிரயோஜனப்படவில்லை.

ஆனால் அழுகை வடிந்ததும் அவளுக்கு வேறொரு குடைச்சல் ஆரம்பித்தது. கெஸியாவின் சுபாவமே அது. ஒன்று புரியவில்லை என்றால் சோறு இறங்காது. மூக்கு போய்விட்டது என்கிறார்களே, போன மூக்குக்கு எப்படி பக்கத்து வீட்டு ரசத்தில் பெருங்காயம் கூடிப்போனது தெரிகிறது? பஸ்ஸில் தூரத்தில் நிற்பவர் சட்டைப் பையில் யூகலிப்டஸ் தைலம் இருப்பது எப்படித் தெரிகிறது? இது போன மூக்கா?

மத்தியான இடைவேளையில் உஷாவைப் பிடித்தாள். ஒரே தேயிலையில் பல கிண்ணம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்றைத் துளியூண்டு கலக்கச் சொன்னாள். ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் நனைந்த சாக்கு, ஒன்றில் விறகுப் புகை பட்ட துணியைக் கொஞ்சம் முக்கி எடுத்தது. ஒன்றில் பிராங்ளினின் கார் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பழைய எஞ்சின் ஆயில். எது எதில் என்று உஷாவுக்கு மட்டும் தெரியும். கெஸியா திரும்பி நின்றுகொண்டு, பிறகு வந்து வரிசையாக உறிஞ்சினாள். மண்ணெண்ணெய் என்றாள், ஏலக்காய் என்றாள், சாக்கு என்றாள், விறகு என்றாள். எல்லாம் சரி. ஒரு கிண்ணத்தில் மட்டும், "இதுல ஒண்ணும் கலக்கலீங்களா உஷா?" என்று கேட்டாள்.

உஷா ஆயில் குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

கெஸியாவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ சந்தோஷம்தான். மூக்கு போகவில்லை! ஒரே ஒரு வாசனைதான் காணாமல் போயிருக்கிறது. எந்த வாசனையில் மனுஷன் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறானோ, அந்த வாசனை அவனுக்குத் தெரியாது. மீன் மார்க்கெட்காரருக்கு மீன் நாறாது. டேஸ்டிங் பழகவந்த முதல் வாரத்திலேயே சில்வஸ்டர் சார் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அப்படியானால் தனக்கே தெரியாமல் தான் எங்கே எஞ்சின் ஆயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறோம்?

கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. ஆனால் அதை நம்ப அவளுக்கு மனசில்லை.

அவர்களிடம் ஒரு பழைய ஃபியட் கார் இருக்கிறது. பிராங்ளினுக்கு அது வண்டி இல்லை, இன்னொரு பிள்ளை. வீடு பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே. அங்கே பழப்பண்ணையில்தான் அவருக்கு வேலை. அங்கிருந்து குன்னூருக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஃபியட் திணறுகிறது என்று போன கோடையில் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய கார்புரேட்டர் வைத்து, அதன் தலையில் பளபளவென்று திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் கெஸியாவை அதில்தான் கொண்டுபோய் விடுகிறார். சாயந்தரம் மட்டும் அவளுக்குப் பஸ். கண்ணாடியை இறக்கினால் குரங்கு டிபன் பையைப் பிடுங்கிவிடும். யானை ரோட்டைத் தாண்டும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிற்க வேண்டியும் வரும். எனவே எப்போதும் கண்ணாடி ஏறியே இருக்கும்.

ஏறியே இருக்கும்? கெஸியா நின்று யோசித்தாள். தாங்கள் ரெண்டு பேர் மட்டும் போகும்போது ஏறியிருக்கும். வேறு யார் ஏறினாலும் முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்கிவிடுகிறார்களே!

"உஷா, உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு எங்க கார்ல வந்தப்ப எதுக்குக் கண்ணாடிய இறக்குனீங்க?"

"காத்து நல்லா இருந்துச்சுங்க, அதான்..."

"கொட்டற பனியிலயா?"

உஷா கேட்டலாக்கைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதீங்க கெஸியா. உங்க வீட்டுக்காரரு அவ்வளவு ஆசையா வண்டியப் பத்திச் சொல்லிட்டு வர்றாரு. எப்படிங்க சொல்றது? இந்த டீயில இருக்குதே, அதே நாத்தந்தானுங்க அங்கயும். ஒரு தலவலி வந்து ராத்திரிதான் போச்சு."

கெஸியா ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தாள். ஆராதனை முடிந்து லிஃப்ட் கொடுத்தால், "நடந்தா உடம்புக்கு நல்லதுங்க" என்று மூட்டுவலிக்காரர்கள் எல்லாம் நடந்தே போனார்கள். ஆயர் ஒருமுறை முழுத் தலையையும் வெளியே நீட்டிக்கொண்டு, "என்ன காட்சி, என்ன காட்சி!" என்று பர்லியார்வரை வந்தார். அவர் பிறந்து வளர்ந்த மலை, அதில் புதிதாக என்ன காட்சி! இந்த ஊர்க்காரர்களின் மரியாதை இருக்கிறதே, அது ஆளையே கொன்றுவிடும் போலிருக்கிறது.

சாயந்தரம் பிராங்ளினிடம் சொன்னாள். அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"நானுந்தான தெனம் அதுல உக்காந்து வர்றேன்? எனக்குத் தெரியாத நாத்தமா?"

"அதாங்க சொல்றேன். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

நியாயமான கேள்விதான். உஷாவைக் கூட்டிவந்தால், பொம்பளைகள் ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டீர்கள் என்பார். கெஸியா சமையலறைக்குப் போய் மூன்று எவர்சில்வர் கிண்ணம் எடுத்தாள். ஒன்றும் அறியாத நல்ல தேயிலையை மூன்றிலும் நிரப்பினாள். ஒன்றை டேஷ்போர்டு மேல் பிசின் டேப் போட்டு ஒட்டினாள். ஒன்றைப் பின்சீட்டுக் கீழே வைத்தாள். ஒன்றை டிக்கிக்குள் வைத்தாள். மனுஷ மூக்கு பழகிப்போகும், தேயிலை பழகாது. அது பாட்டுக்கு வாங்கி வைத்துக்கொண்டே இருக்கும். பிராங்ளின் ஒரு வாரம் அந்தக் கிண்ணங்களோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கினார். கெஸியா முன்ஜாக்கிரதையாக அன்றிலிருந்தே காலையிலும் பஸ்ஸுக்கு மாறிவிட்டாள்.

திங்கட்கிழமை மூன்று கிண்ணத்துத் தேயிலையையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, வீட்டில் டப்பாவுக்குள்ளேயே இருந்த தேயிலையில் ஒரு பொட்டலத்தையும் சேர்த்து, எதுவும் எழுதாமல் சில்வஸ்டர் சார் மேஜையில் வைத்தாள். எது எது என்று பொட்டலத்தின் மடிப்பை வைத்து அவளுக்கு மட்டும் தெரியும். "ஒரு தடவ பாருங்க சார்" என்றாள். நாலு கிண்ணம் போட்டார்கள். சார் உறிஞ்சினார், துப்பினார். முதல் கிண்ணத்தைத் தள்ளி வைத்து, "இது நல்ல டீ" என்றார். அது வீட்டு டப்பா. ரெண்டாவதையும் நல்லது என்றார். அது டிக்கி. மூன்றாவதுக்குப் புருவத்தைத் தூக்கினார். நாலாவதை உறிஞ்சியதும் இருமலே வந்துவிட்டது.

"யாரும்மா இது? டீத்தூள ஒர்க்‌ஷாப்புல காயவெச்சாங்களா? எந்த ஃபேக்டரி?"

"எங்க ஃபியட்டுங்க சார். டேஷ்போர்டு மேல வெச்சது."

சில்வஸ்டர் சார் அவளையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெகு நாளைக்கப்புறம் சிரித்தார். "இத்தன வருஷமா செருப்பக் கழட்டச் சொன்னேன். வண்டிய வெளிய விட்டுட்டு வாங்கன்னு சொல்லத் தோணலயே!" ஆனால் டிராயரைத் திறக்கவில்லை. "மூக்கு திரும்பட்டும்மா. அதுவரைக்கும் பொறு" என்றார்.

டேஷ்போர்டு கிண்ணம்தான் அதிகம் நாறியது என்று கேட்டதும் பிராங்ளினின் கோபம் இறங்கி ஆர்வம் ஏறிவிட்டது. பானெட்டைத் திறந்து ரெண்டு பேரும் தலையை உள்ளே விட்டார்கள். எஞ்சினுக்குள் எரிகிற வாயு முழுக்கச் சைலென்ஸர் வழியாகப் போய்விடாது. கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவிக் கீழே ஆயில் இருக்கிற இடத்துக்கு இறங்கிவிடும். வயசான எஞ்சினில் கூடுதலாக இறங்கும், கடைந்து அகலமாக்கிய எஞ்சினில் கேட்கவே வேண்டாம். அந்தப் புகை வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு, பிரீதர் என்பார்கள். பழைய ஏர் கிளீனர் டப்பாவில் அந்தக் குழாயைச் சொருக ஒரு மூக்கு இருந்தது. புகை அதற்குள் போய், திரும்ப எஞ்சினுக்கே தீனியாகிவிடும். பிராங்ளின் அந்த டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளப்பான ஃபில்டரை மாட்டியபோது, மிச்சமான குழாயை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டிருந்தார். கட்டிய இடம், ஆட்கள் உட்காருகிற பக்கத்துக்கு வெளிக்காற்றை இழுக்கிற சல்லடைக்கு நேர் கீழே.

"மருதாசலம் ஃபேக்டரியில நடந்ததேதானுங்க இது," என்றாள் கெஸியா. "அவருக்கு டிரையரு இழுத்துச்சு, நமக்குச் சல்லட இழுத்திருக்குது."

பிராங்ளின் பானெட்டிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "உன்னோட பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேனே கெஸி" என்றார். அவள் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

முதலில் நீளமான குழாய் வாங்கி வண்டிக்கு அடியில் இறக்கிவிட்டார். வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரக் கிண்ணத்தை உறிஞ்சிய சார், "குறைஞ்சிருக்குது, போகல" என்றார். ஓடுகிற வண்டியில் கீழே விட்ட புகை பின்னால் போய்விடும். மேடு ஏறும்போதும் யானைக்காக நிற்கும்போதும் அது எங்கே போகும்? கியர் லீவர் ஓட்டை வழியாக மேலே வந்துவிடும். சில்வஸ்டர் சாருக்கு இதில் ருசி தட்டிவிட்டது. திங்கட்கிழமை வந்தால் ஏலச் சாம்பிளுக்கு முன்னால் ஃபியட் சாம்பிளைக் கேட்பார். "இந்த வாரம் உன் வீட்டுக்காரர் என்னம்மா பண்ணாரு?"

இந்த வாரம் பிராங்ளின் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்து, மூடியில் ரெண்டு ஓட்டை போட்டு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை உள்ளே அடைத்து, குழாயை அதற்குள் விட்டிருந்தார். புகையில் வருகிற ஆயிலும் ஈரமும் நாரில் படிந்து டப்பாவில் தங்கிவிடும். மிச்சப் புகையை இன்னொரு குழாய் ஃபில்டருக்குள் கொண்டுபோய் எஞ்சினுக்கே குடிக்கக் கொடுத்துவிடும். பனிக்காலமானதால் டப்பாவைத் திறந்தால் ஆயிலும் தண்ணீரும் அடித்துக் கலந்து, அசல் பால் டீ மாதிரியே இருந்தது. அதை மட்டும் யாரும் உறிஞ்சிப் பார்க்கவில்லை.

"புதுப் புகை இல்ல," என்றார் சார் அந்தத் திங்கட்கிழமை. "பழைய வாட லேசா, ரொம்ப லேசா இருக்குது. சீட்டு ஸ்பாஞ்சுல ஊறியிருக்கும். எனக்கே தேடித்தான் கெடச்சுது."

வண்டி குணமாகிவிட்டது. கெஸியாவுக்குத்தான் குணமாகவில்லை. மத்தியானம் மத்தியானம் உஷா கலக்கிக்கொடுக்கிற கிண்ணங்களில் அந்த ஒன்று மட்டும் ஊமையாகவே இருந்தது. வரவேண்டியது வராமலே போய்விட்டால்? பழனிச்சாமி லாரி புக்கிங் பார்க்கிற ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இதைச் செய்யும்போதுதான் தான் முழுசாக இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றும். அந்த நாட்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரிதான் பஸ்ஸில் போய் வந்தாள். பிறகு உஷாவிடம், கொஞ்ச நாளைக்குக் கிண்ணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தை பிறந்து ஒரு சனிக்கிழமை, பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போகிற வழியில், காட்டேரி என்கிற ஊருக்குக் கீழே மரம் விழுந்து, பஸ்களை நிறுத்திவிட்டார்கள். மரத்தை வெட்டி ஒரு வண்டி நுழையும் அளவு வழி விட்டதும் பிராங்ளின் ஃபியட்டை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிட வந்தார். ஆபீஸ் வாசலில் ஹாரன் கேட்டது. கெஸியா குடையை மடக்கியபடி ஓடிவந்து கதவைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏறு கெஸி, நனையறே."

அவள் குனிந்து சீட்டை முகர்ந்தாள். கருகின, கனத்த, அடித்தொண்டையில் ஒட்டுகிற வாடை. லேசாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

"நாறுதுங்க!" என்றாள்.

"எங்க? அதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேனே!"

"இல்லீங்க, நாறுது! நம்ம வண்டி நல்லா நாறுது!" கண்ணில் தண்ணீர் கொட்ட, சிரித்துக்கொண்டே சொன்னாள். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுத் திரும்ப மாடிக்கு ஓடினாள். மனைவியைச் சந்தோஷப்படுத்துவதற்காகத் தன் கார் நாறுவதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்த பிராங்ளினின் நிலைமை பரிதாபம்தான்.

சில்வஸ்டர் சார் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டார். சாம்பிள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து அவளை உள்ளே அழைத்தபோது மேஜையில் வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. டிராயரைத் திறந்து கரண்டியை எடுத்துக் கொடுத்தார்.

கெஸியா வரிசையாகப் போனாள். ஊரே கேட்கிற மாதிரி உறிஞ்சினாள். கடைசிக்கு முந்தின கிண்ணத்தில் முகம் சுளித்துத் துப்பினாள். "இது மருதாசலம் அண்ணன் சரக்குங்க சார். அப்பவே இதத் தள்ளியிருக்கணும்."

"திங்கட்கிழம சீக்கிரம் வந்துரு," என்றார் சார். "சாம்பிள் நெறைய இருக்குது."

கரண்டியைத் திரும்ப வாங்கவில்லை. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், வெளியே மழை அடித்துக்கொண்டிருக்க, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். சாரல் பிராங்ளின் மேலேயும் அடித்தது.

"என்ன கெஸி, இந்த மழையில?"

"காத்து நல்லா இருக்குதுங்க," என்றாள் கெஸியா.